வாத்தின் கழுத்தில் எண் இருந்தால்: வலசை வரும் வரித்தலை வாத்துகளைத் தொடர ஒரு வழிகாட்டி

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி அருகே உள்ள கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு ஜனவரியில் போகிறவர்கள் பெரும்பாலும் ஊருக்குள் மரங்களில் அமர்ந்திருக்கும் மஞ்சள் மூக்கு நாரைகளையும் கூழைக்கடாக்களையும் பார்க்கத்தான் போகிறார்கள். குளத்துக்குள் தொலைவில் சாம்பல் நிறமாகத் தெரியும் வாத்துக் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இந்தக் கட்டுரை அந்தக் கூட்டத்தின் முன் நின்றுவிட விரும்புகிறவர்களுக்கு.

அவை வரித்தலை வாத்துகள். வெள்ளைத் தலையின் பின்புறம் இரண்டு கறுப்புக் கோடுகள், மஞ்சள் அலகு, மஞ்சள் கால்கள். மங்கோலியா, திபெத், கிர்கிஸ்தான், நம் லடாக் ஆகிய இடங்களின் உயரமான ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்குத் தெற்கே வருகின்றன. சில ஆண்டுகளில் கூட்டத்தில் ஒன்றிரண்டின் கழுத்தில் பச்சை நிறப் பட்டை தெரியும். அதில் வெள்ளை எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். மங்கோலிய ஆய்வாளர்கள் அங்குள்ள ஏரிக்கரைகளில் மாட்டிய அடையாளம் அது. அங்கிருந்து நாங்குநேரி வட்டாரம் வரை நேர்க்கோட்டில் அளந்தாலே 4,500 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது.

வாத்தைப் பிடித்துப் பட்டை மாட்டுவது பயிற்சியும் அனுமதியும் பெற்ற சிலரால் மட்டுமே முடியும். மாட்டிய பட்டையைப் படிப்பது பொறுமையுள்ள எவராலும் முடியும். படிக்க ஆள் இல்லையென்றால் மாட்டியதில் பயனே இல்லை. அதனால் புதிதாக வருகிறவர்கள் இதை வெறும் உதவி வேலையாக நினைக்க வேண்டாம். ஆய்வின் சரிபாதி நம் குளக்கரைகளில்தான் நடக்கிறது.

மூன்று வகை அடையாளங்கள்

முதலாவது உலோகக் கால்வளையம். 1899-இல் டென்மார்க்கின் விபோர்க் நகரத்தில் ஹான்ஸ் மார்ட்டென்சன் என்ற பள்ளி ஆசிரியர் மைனா குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைகளுக்கு எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையங்களை மாட்டினார். முறையான பறவை வளையமிடல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முன்பு துத்தநாக வளையத்தை அவர் முயன்று பார்த்தார். அது கனமாக இருந்ததால் கைவிட்டார். இன்றும் ஒவ்வொரு இனத்துக்கும் வளையத்தின் அளவும் எடையும் தனித்தனியாக வகுக்கப்படுவதற்குக் காரணம் இதே கவலைதான். இந்தியாவில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1920-களிலேயே இதைத் தொடங்கியது. பறவையியலாளர் சாலிம் அலியின் முயற்சியால் 1960-களில் அது பெரிய அளவில் நடந்தது. நம் கோடியக்கரை அந்தப் பணியின் முக்கியமான நிலையங்களில் ஒன்று. உலோக வளையம் பல ஆண்டுகள் தாங்கும். ஆனால் எழுத்து மிகச் சிறியது என்பதால் பறவை கையில் கிடைத்தால்தான் பெரும்பாலும் படிக்க முடியும்.

இரண்டாவது, நிறமுள்ள பிளாஸ்டிக் கால்வளையம். பெரிய எழுத்துகள் என்பதால் தொலைநோக்கியால் படிக்கலாம். ஐரோப்பாவில் வாத்து ஆய்வு பெரிதும் இதை நம்பியிருக்கிறது.

மூன்றாவது கழுத்துப்பட்டை. வாத்து நீந்தினாலும் புல்லுக்குள் நின்றாலும் கழுத்து வெளியே தெரியும். சில நூறு மீட்டர் தள்ளியிருந்தும் படித்துவிடலாம். படிப்பவருக்கு இது வரம், பறவைக்கு அப்படியல்ல. உறைபனி நாடுகளில் பட்டையின் மேல் பனி கட்டிக்கொள்வதுண்டு. பட்டை மாட்டிய பறவைகள் கூடுதலாக இறப்பதைச் சில வாத்து இனங்களில் ஆய்வாளர்களே கண்டிருக்கிறார்கள். கால்வளையமே போதும் என்ற இடத்தில் கழுத்தைத் தொடக்கூடாது என்பது என் கருத்து. ஆசியாவின் வரித்தலை வாத்து பல நாடுகளில் சிதறிக் கிடக்கிறது, படிக்க ஆட்கள் குறைவு. அங்கே பட்டைக்கு நியாயம் இருக்கிறது. மாட்டியாகிவிட்ட ஒரு பட்டையைப் படிக்காமல் விடுவதற்குத்தான் நியாயம் இல்லை.

இவை தவிர, சூரிய ஒளியில் இயங்கும் செயற்கைக்கோள் கருவிகளும் உண்டு. வரித்தலை வாத்து இமயத்தை ஏறத்தாழ எட்டு மணி நேரத்தில் ஏறிக் கடக்கிறது, அதையும் பெரும்பாலும் காற்று குளிர்ந்து அடர்ந்திருக்கும் இரவிலும் விடியற்காலையிலும் செய்கிறது என்று நமக்குத் தெரிந்தது அவற்றால்தான். கருவி சுமந்த ஒரு வாத்து 7,290 மீட்டர் உயரத்தைத் தொட்டிருக்கிறது. ஆனால் கருவிக்குச் செலவு அதிகம். சில ஆண்டுகளில் அது ஓய்ந்தும் போகிறது. வளையத்துக்கு மின்கலம் வேண்டாம். ஒரு பறவையின் முழு ஆயுளையும் அறிய இன்றும் வளையமே துணை.

எங்கே, எப்போது

டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை. தமிழ்நாட்டில் கூந்தன்குளமும் அதைச் சுற்றியுள்ள குளங்களும். கர்நாடகத்தில் மைசூரு அருகே ஹதினாறு ஏரியும் கதக் மாவட்டத்தின் மாகடி ஏரியும். வடக்கே இமாசலப் பிரதேசத்தின் போங் அணை, அங்கே இவை பல்லாயிரக்கணக்கில் கூடுகின்றன. ஹதினாறில் மங்கோலியப் பட்டை அணிந்த வாத்துகள் பலமுறை பதிவாகியிருக்கின்றன.

இடத்தை விட நேரம் முக்கியம். இந்த வாத்துகள் பகல் பொழுதைத் தண்ணீரிலும் கரையோரத்திலும் கழித்துவிட்டு, மாலை இருட்டும் வேளையில் வயல்களுக்கு மேயப் போகும், காலையில் திரும்பும். காலை ஆறரை மணிக்குள் கரையில் இருங்கள். ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறினால் தண்ணீருக்கு மேல் காற்று நெளியத் தொடங்கும். அதன் பிறகு எவ்வளவு விலையுயர்ந்த தொலைநோக்கி வைத்திருந்தாலும் எழுத்து நடுங்கும். மாலை நான்கரைக்கு மேல் மறுபடி நல்ல நேரம்.

என்ன கொண்டுபோக வேண்டும்

எட்டு அல்லது பத்து மடங்கு பெருக்கும் பைனாகுலர் கூட்டத்தைத் தேட. இருபது முதல் அறுபது மடங்கு வரை பெருக்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப் என்ற ஒற்றைக்குழல் தொலைநோக்கியும் ஆடாத முக்காலியும் எழுத்தைப் படிக்க. ஸ்கோப் இல்லாதவர்கள் நீண்ட லென்ஸ் பொருத்திய கேமராவால் ஓரளவு சமாளிக்கலாம். பென்சில், நோட்டு. இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. முக்காலியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கரையில் நின்று பார்ப்பது

சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். குளத்தின் மேற்குக் கரையா கிழக்குக் கரையா என்பதை இதுதான் முடிவு செய்ய வேண்டும், பஸ் எங்கே நிற்கிறது என்பது அல்ல.

கூட்டத்தை நோக்கி நேராக நடக்காதீர்கள். வாத்துகள் தலையை உயர்த்தி ஒரே திசையில் பார்க்கத் தொடங்கினால் நீங்கள் எல்லைக்கு வந்துவிட்டீர்கள் என்று பொருள், அங்கேயே உட்காருங்கள். பறக்க வைத்துப் படம் எடுக்கும் பழக்கம் பரவிவருகிறது. இமயத்தைத் தாண்டி வந்த பறவை, திரும்பிப் போவதற்கான கொழுப்பை இங்கேதான் சேர்க்கிறது. ஒவ்வொரு வீண் பறத்தலும் அந்தச் சேமிப்பிலிருந்து எடுக்கும் செலவு. ஒரு எண்ணுக்காகக் கூட்டத்தை எழுப்ப வேண்டியிருந்தால் அந்த எண்ணை விட்டுவிடுங்கள்.

உட்கார்ந்த பிறகு கூட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒவ்வொரு கழுத்தாகப் பாருங்கள். பிறகு கால்கள். தண்ணீரில் மிதக்கும்போது கால் தெரியாது. அவை கரையேறி இறகு கோதும் வரை காத்திருக்க வேண்டும். கழுத்துப்பட்டை இருக்கும் வாத்துக்குக் காலில் உலோக வளையமும் இருக்கக்கூடும், அதையும் தேடுங்கள். பட்டை கழன்று விழுந்து வளையம் மட்டும் மிஞ்சிய வாத்துகளும் உண்டு.

எத்தனை கழுத்துகளைத் தெளிவாகப் பார்த்தீர்கள் என்பதையும் எண்ணுங்கள். ‘240 கழுத்துகள் பார்த்தேன், பட்டை ஒன்றும் இல்லை’ என்பது வெறுங்கை அல்ல, அதுவும் தரவு. பட்டையுள்ளவையும் இல்லாதவையும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதை இப்படித்தான் அறிகிறார்கள். புதியவர்கள் பெரும்பாலும் இதை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள்.

குறியைப் படிப்பது

எல்லாவற்றிலும் அதிகக் கவனம் இங்கேதான் வேண்டும்.

முதலில் பட்டையின் நிறம், அடுத்து எழுத்தின் நிறம், அதன் பிறகு குறி, அதாவது பொறித்திருக்கும் எழுத்தும் எண்ணும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். நிறம் தவறினால் வேறு நாட்டுத் திட்டத்துக்கு உங்கள் தகவல் போய்விடும். பழைய பட்டை வெயிலில் வெளுத்திருக்கும், சேறு படிந்தும் இருக்கும். ‘வெளுத்த பச்சை’ என்று தோன்றினால் அப்படியே எழுதுங்கள்.

கழுத்துப்பட்டையில் ஒரே குறியைச் சுற்றிலும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பொறித்திருப்பார்கள். வாத்து கழுத்தைத் திருப்பும்போது மறுபக்கத்தையும் படித்து ஒப்பிட்டுப் பாருங்கள். சில எழுத்துகள் ஏமாற்றும்: ஆங்கில சி எழுத்தும் ஜி எழுத்தும், 5-உம் எஸ் எழுத்தும், 2-உம் இசட் எழுத்தும், 3-உம் 8-உம், வி எழுத்தும் ஒய் எழுத்தும். இவற்றில் ஏதாவது உங்கள் குறியில் இருந்தால் ஒருமுறைக்கு மூன்றுமுறை பாருங்கள். இருவர் சேர்ந்து போனால், முதலாமவர் தான் படித்ததைச் சொல்லாமல் இரண்டாமவரைப் படிக்கச் சொல்லுங்கள். சொல்லிவிட்டால் அவர் கண்ணுக்கும் அதுவேதான் தெரியும்.

கால்வளையமானால் எந்தக் கால் என்று எழுத வேண்டும். இடது, வலது என்பது பறவையின் இடது, வலது, பார்ப்பவருடையது அல்ல. நம்மைப் பார்த்து நிற்கும் வாத்தின் இடது கால் நமக்கு வலப்பக்கம் இருக்கும். எழுத்துகள் பாதத்திலிருந்து மேல்நோக்கி ஓடுகின்றனவா, மேலிருந்து கீழ்நோக்கியா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு எழுத்து தெரியவில்லை என்றால் அந்த இடத்தில் கேள்விக்குறி போடுங்கள். ஊகித்து நிரப்பாதீர்கள். இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எண் 3 என்பதை 8 என்று எழுதினால், என்றோ இறந்துபோன வேறொரு வாத்து உங்கள் குறிப்பால் உயிரோடு எழுந்துவிடும். உயிரோடு உங்கள் முன் நிற்கும் வாத்தோ அந்த ஆண்டுக் கணக்கில் காணாமல் போய்விடும். ஒரே தவறு இரண்டு வாழ்க்கைகளைத் திரித்துவிடுகிறது. அரைகுறைக் குறியை நேர்மையாக அனுப்பினால், ஆய்வாளர் தன் பட்டியலோடு ஒப்பிட்டுச் சில சமயம் பறவையைக் கண்டுபிடித்துவிடுவார்.

முடிந்தால் படம் எடுங்கள். ஒரே படத்தில் குறி முழுதும் வராது. பறவை திரும்பத் திரும்பப் பல படங்கள் எடுத்தால் சேர்த்துப் படிக்கலாம்.

கூட இருப்பவர்களையும் எழுதுங்கள்

வாத்துகள் இணையை எளிதில் மாற்றுவதில்லை. குஞ்சுகள் தங்கள் முதல் வலசையைப் பெற்றோருடன் வந்து, அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர்களை ஒட்டியே இருக்கும். எந்தக் குளத்தில் தங்குவது, எந்த வயலில் மேய்வது என்பதை அவை கற்றுக்கொள்வது இப்படித்தான். ஆகவே பட்டை அணிந்த வாத்தை ஒட்டி நிற்பது யார் என்பது குறிக்கு அடுத்தபடி மதிப்புள்ள தகவல்.

வரித்தலை வாத்தில் இளசைக் கண்டுபிடிப்பது எளிது. முதிர்ந்தவற்றின் தலையில் உள்ள இரண்டு கோடுகள் அவற்றுக்கு இருக்காது. உச்சந்தலையும் பின்கழுத்தும் மங்கிய பழுப்பாக இருக்கும். பத்து நிமிடமாவது பார்த்துக்கொண்டிருங்கள். எது எதைப் பின்தொடர்கிறது, அருகில் வரும் மற்ற வாத்தை எது விரட்டுகிறது என்று கவனித்தால் குடும்பம் பிரிந்து தெரியும். ‘இணை ஒன்று, இளசு இரண்டு’ என்று நீங்கள் எழுதும் ஒரு வரி, மங்கோலியாவில் அந்த ஆண்டு அந்தத் தம்பதிக்குக் குஞ்சு பிழைத்தது என்பதற்கான சான்று.

நோட்டில் இவையெல்லாம் இருக்க வேண்டும்: தேதி, நேரம், குளத்தின் பெயர், கைப்பேசி காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை, கூட்டத்தின் எண்ணிக்கை, பார்த்த கழுத்துகளின் எண்ணிக்கை, பட்டை விவரம், துணைப் பறவைகள், நீங்கள் எவ்வளவு உறுதியாக இருக்கிறீர்கள் என்பது. கரையிலேயே எழுதிவிடுங்கள். வீட்டுக்குப் போய் நினைவிலிருந்து எழுதும் குறியை நான் நம்புவதில்லை.

யாருக்கு அனுப்புவது

இந்தியாவில் பார்த்த எந்த வளையத்தையும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவிக்கலாம். வெளிநாட்டு வளையமானால் உரியவர்களுக்கு அவர்கள் வழிகாட்டுவார்கள். மங்கோலியப் பட்டையை அந்நாட்டின் வனவிலங்கு அறிவியல் மற்றும் பாதுகாப்பு மையத்துக்கு நேரடியாகவும் எழுதலாம். ஐரோப்பாவில் வாழும் தமிழர்கள் பார்க்கும் வளையங்களுக்கு யூரிங் என்ற ஐரோப்பியக் கூட்டமைப்பும், அமெரிக்காவிலும் கனடாவிலும் பார்க்கப்படும் வளையங்களுக்கு அமெரிக்கப் புவியியல் அளவாய்வு நிறுவனத்தின் பறவை வளைய ஆய்வகமும் உள்ளன. பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் இணையதளத்திலும் பதியுங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். வளையமிட்டவர் அதைத் தேடிப் பார்ப்பார் என்பதற்கு உறுதி இல்லை.

சில நாளிலோ சில வாரத்திலோ பதில் வரும். எந்த ஏரியில், எந்தத் தேதியில், எந்த வயதில் வளையமிட்டார்கள், வேறு எங்கெல்லாம் பார்த்தார்கள் என்று அதில் இருக்கும். அதைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: வளையம் தருவது புள்ளிகளை மட்டுமே. மங்கோலியாவில் ஒரு புள்ளி, நாங்குநேரியில் ஒரு புள்ளி. நடுவில் கோடு போடுவது பலர் அனுப்பிய மற்ற புள்ளிகள்.

அப்படிச் சேர்ந்த புள்ளிகள் என்ன செய்யும் என்பதற்கு ஸ்காட்லாந்தில் ஒரு நல்ல சான்று. சால்வே முகத்துவாரத்தில் குளிர்காலத்தைக் கழிக்கும் பார்னக்கிள் வாத்துகள் 1940-களின் இறுதியில் சில நூறாகச் சுருங்கியிருந்தன. அவை ஆர்க்டிக்கின் ஸ்வால்பார்ட் தீவுகளிலிருந்து மட்டுமே வருகின்றன, கிரீன்லாந்து வாத்துகளோடும் ரஷ்ய வாத்துகளோடும் பெரும்பாலும் கலப்பதில்லை என்பது வளையங்களால் 1960-களில் தெளிவானது. மற்ற இரண்டு கூட்டங்களும் செழிப்பாக இருப்பதைக் காட்டி இந்தச் சிறு கூட்டத்தை வேட்டைக்கு விட முடியாது என்றாயிற்று. இரண்டு முனைகளிலும் பாதுகாப்புத் தொடர, பல பத்தாண்டுகளில் அது பல்லாயிரமாக வளர்ந்தது.

ஆயுளைக் கணக்கிடுவது

வடஅமெரிக்காவில் 1969-இல் ஒஹாயோவில் வளையமிட்ட ஒரு பெண் கனடா வாத்து 2001-இல் ஒன்டாரியோவில் சுடப்பட்டபோது அதன் வயது குறைந்தது 33 ஆண்டு 3 மாதம். பனி வாத்து ஒன்று 27 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருக்கிறது. இவை உச்சங்கள். எல்லா வாத்தும் இவ்வளவு காலம் வாழும் என்று இவற்றை வைத்துச் சொல்லக்கூடாது. ‘குறைந்தது’ என்ற சொல்லையும் விடக்கூடாது: வளையமிடும்போதே முதிர்ந்திருந்த பறவை எப்போது பிறந்தது என்று யாருக்கும் தெரியாது.

சராசரி வாழ்வை அறிய வேறு கணக்கு வேண்டும். எளிதாக்கிச் சொல்கிறேன், எண்கள் விளக்கத்துக்காக மட்டும். 100 வாத்துகளுக்குப் பட்டை மாட்டுகிறோம். அடுத்த குளிர்காலத்தில் 60 தென்படுகின்றன. மீதி 40 இறந்துவிட்டனவா? அதற்கடுத்த குளிர்காலத்தில் 50 தென்படுகின்றன. அவற்றில் 40 போன ஆண்டும் பார்த்தவை. 10 போன ஆண்டு நம் கண்ணில் படாதவை. இந்த ஐம்பதும் போன ஆண்டு உயிரோடு இருந்தவைதான், ஆனால் 40-ஐத்தான் பார்த்திருக்கிறோம். அப்படியானால் உயிரோடு இருப்பவற்றில் நூற்றுக்கு 80-ஐத்தான் நம் கண்கள் பிடிக்கின்றன. முதல் ஆண்டு பார்த்த 60-ஐ இதால் திருத்தினால் உண்மையில் 75 இருந்திருக்க வேண்டும். இறந்தவை 25, நாற்பது அல்ல.

இந்தக் கணக்கு முழுவதும் திரும்பத் திரும்பப் பார்ப்பதன் மேல் நிற்கிறது. ‘இந்த வாத்தைத்தான் போன வருடமே பார்த்தாயிற்றே’ என்று விட்டுவிடுகிறவர்கள், ஆய்வுக்கு மிகவும் தேவையான பதிவை விட்டுவிடுகிறார்கள். ஒரே வாத்தை ஐந்து குளிர்காலங்களில் ஐந்து முறை அனுப்புங்கள், தயங்க வேண்டாம்.

இன்னொரு சிக்கல், வளையம் தேய்ந்தோ பட்டை கழன்றோ போவது. அடையாளம் விழுந்த வாத்து கணக்கில் இறந்த வாத்தாகிவிடும். கழுத்திலும் காலிலும் இரட்டை அடையாளம் மாட்டுவது எது எவ்வளவு விழுகிறது என்று அளப்பதற்கும்தான்.

இறந்த வாத்தில் வளையம் இருந்தால்

வெறுங்கையால் தொடாதீர்கள். 2005-இல் சீனத்தின் சிங்காய் ஏரியில் பறவைக் காய்ச்சலால் ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் இறந்தன. அதிகம் இறந்தவற்றில் வரித்தலை வாத்தும் ஒன்று. வளையத்தின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுங்கள், இடத்தைக் குறியுங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பறவைகள் இறந்து கிடந்தால் கால்நடைத் துறைக்கும் அன்றே தெரிய வேண்டும். உயிருள்ள பறவையின் வளையத்தை எக்காரணம் கொண்டும் கழற்றக்கூடாது.

நீங்களே வளையமிட விரும்பினால்

வாத்துகளைப் பிடிக்க ஏற்ற காலம் கோடை. அப்போது அவற்றின் பறக்கும் இறகுகள் எல்லாம் ஒரே சமயத்தில் உதிர்ந்து, சில வாரங்களுக்குப் பறக்க முடியாமல் இருக்கும். குஞ்சுகளுக்கும் சிறகு முளைத்திருக்காது. மங்கோலியாவில் ஜூலை வாக்கில் சிறு படகுகளில் சூழ்ந்து மெதுவாகக் கரைக்கு ஒதுக்கி வலைப்பட்டிக்குள் சேர்க்கிறார்கள். எடை, வயது, ஆணா பெண்ணா என்பதெல்லாம் குறித்து, வளையமிட்டு, குடும்பங்கள் பிரியாதபடி சேர்த்தே விடுவிக்கிறார்கள். பிரிட்டிஷ் பறவையியலாளர் பீட்டர் ஸ்காட் 1951-இல் ஐஸ்லாந்தின் உள்நாட்டுச் சதுப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளஞ்சிவப்புக் கால் வாத்துகளுக்கு வளையமிட்டதும் இப்படி ஒதுக்கிப் பிடித்துத்தான்.

நம் ஊரில் வாத்துகள் பறக்கும் நிலையில் இருப்பதால் இந்த முறைக்கு இடமில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி எந்தக் காட்டுப் பறவையையும் அனுமதியின்றிப் பிடிப்பது குற்றம். ஆர்வமுள்ளவர்கள் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வளையமிடும் முகாம்களில் முதலில் குறிப்பெழுதுபவராகச் சேரலாம். சிறு பறவையைக் கையில் பிடிக்கக் கற்ற பிறகே பெரிய பறவை. அதற்கு முன் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் சேர்ந்துகொள்ளுங்கள். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதியில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011 முதல் நடந்துவருகிறது. குளத்துக்கு ஒரு குழுவாகப் பிரித்து அனுப்புவார்கள், ஸ்கோப் வைத்திருப்பவர் யாராவது ஒருவர் உங்கள் குழுவில் பெரும்பாலும் இருப்பார்.